டம்ளரில் வெட்டிய வைஃபை

எனக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஊர்தான் சொல்லும். படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் முழுப் பரீட்சை எழுதவில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, ஒரு பாத்திரக் கடையில் சரக்கு இறக்கி, இன்றைக்கு அதே தி.நகரில் சொந்தமாக எவர்சில்வர் கடை, கடைக்குப் பின்தெருவில் சொந்தக் கட்டடம், அதில் குடித்தனக்காரர்கள் என்று உட்கார்ந்திருக்கிறேன். அப்படிப்பட்ட ஆளை ஒரு வெள்ளை டப்பா தெருவில் நிறுத்தியது. டப்பாவின் பேர் ரவுட்டர்.

தப்பு அதன்மேல் என்றுதான் நான் இன்னும் நினைக்கிறேன். வீட்டில் வேறு மாதிரி சொல்கிறார்கள். இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

எங்கள் கட்டடத்தில் கீழே ஜெயா மாமி குடித்தனம். முதல் மாடியில் நாங்கள். அதற்கு மேலே இரண்டு போர்ஷன், இரண்டிலும் வேளச்சேரிப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கிற பிள்ளைகள். ஆளுக்கொரு கம்பெனியிடம் இன்டர்நெட் வாங்கியிருந்தார்கள். ஒவ்வொரு கம்பெனிக்காரனும் ஒரு டிரில்லிங் மிஷினோடு வந்து என் சுவரில் ஓட்டை போட்டுவிட்டுப் போவான். புதுசாகப் பெயின்ட் அடித்த சுவர். அதன்மேல் கறுப்பு ஒயர் துணி காயப்போடுகிற கொடி மாதிரித் தொங்குகிறது. கடை வாசலில் ஒரு டிபன் கேரியர் கோணலாகத் தொங்கினாலே எனக்குத் தூக்கம் வராது.

கூப்பிட்டுச் சொன்னேன். "இந்தக் கட்டடத்துக்குத் தண்ணி நான் தர்றேன். மோட்டார் நான் போடுறேன். இனிமே நெட்டும் நான்தான் தருவேன். இருக்கிறதிலேயே பெரிய நெட்டா ஒண்ணு வாங்கிப் போடுறேன். எல்லா ஒயரும் நாளைக்கே இறங்கணும்."

பிள்ளைகளுக்குச் சந்தோஷம். ஜெயா மாமிக்குத்தான் சந்தேகம். "அண்ணாச்சி, எங்காத்துல கார்த்தால ஆறு மணிக்கு ஸ்லோக கிளாஸ் இருக்கு. கம்ப்யூட்டர்லதான் நடக்கறது. நடுவுல நின்னுடாதே?"

"என் மோட்டார் என்னைக்காவது நின்னிருக்கா மாமி?" என்று கேட்டேன். (நின்றிருக்கிறது.)

நெட் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். ரவுட்டரைக் கட்டடத்தின் நடுவில், மாடிப்படிப் பக்கம் மாட்டலாம் என்றார். நான் நாற்பது வருஷமாகக் கடை நடத்துகிறவன். நல்ல சரக்கைக் கொண்டுபோய்க் குடோனில் வைப்பேனா? தெருவைப் பார்த்த பால்கனிச் சுவரில், போகிறவர் வருகிறவர் கண்ணில் படுகிற மாதிரி மாட்டச் சொன்னேன். அதற்கென்று கடையில் செய்த ஒரு எவர்சில்வர் பெட்டியும் வைத்திருந்தேன். பூட்டு போடுகிற பெட்டி. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், இதுக்குள்ள வெச்சா சிக்னல் வெளியே வராது."

"எவர்சில்வர்ல வெச்சது எதுவும் கெட்டதா சரித்திரமே இல்லை, தம்பி."

"கெடாது சார். வராது."

பெரிய மனசு பண்ணி மூடியை மட்டும் கழற்றிக் கொடுத்தேன். இன்றைக்கு அந்தப் பெட்டியில் ராஜாத்தி (என் மனைவி) முறுக்கு போட்டு வைக்கிறாள்.

பாஸ்வேர்டு என்ன வைக்கலாம் என்று கேட்டார். என் கடைப் பேரின் இங்கிலீஷ் எழுத்துகளையும் நான் மெட்ராஸுக்கு வந்த வருஷத்தையும் சேர்த்து வைக்கச் சொன்னேன். எனக்குத் தப்பில்லாமல் எழுத வருகிற இங்கிலீஷ் அவ்வளவுதான். அதையும் கடை போர்டைப் பார்த்துத்தான் பழகினேன்.

பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. மேல் மாடிப் பிள்ளைகளுக்கு ஒரு சிநேகிதன் வந்தால் எனக்குப் போன் வரும். "அங்கிள், பாஸ்வேர்டு?" ஜெயா மாமியின் தங்கை மயிலாப்பூரிலிருந்து வந்தால் மாமி கீழே நின்று குரல் கொடுப்பாள். "அண்ணாச்சி, அந்த நம்பரை இன்னொரு வாட்டி சொல்லுங்கோ!" நான் கடையில் சீர்வரிசைக்குப் பாத்திரம் எடுக்க வந்தவர்களிடம் பேசிக்கொண்டிருப்பேன். நடுவில் போனை வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாக ஒப்பிக்க வேண்டும். பேப்பரில் எழுதிக் கொடுத்தால் தொலைத்துவிடுகிறார்கள்.

எங்கள் கடையில் பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டித் தருவோம். அதற்கென்றே பாண்டியன் என்று ஒருவர் வாசல் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். கையில் சின்ன மிஷின். கல்யாணப் பெண் பேர், மாப்பிள்ளை பேர், தேதி எல்லாம் 'கிர்ர்' என்று இழுத்துவிடுவார். ஒருநாள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தபோது எனக்கு உதித்தது. (பெரிய பெரிய படிப்பு படித்தவர்களுக்கு ஏன் உதிக்கவில்லை என்று இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது.)

"பாண்டியா, டம்ளர்ல இதை வெட்டு."

பாண்டியன் பாஸ்வேர்டைப் பார்த்துவிட்டு, "யார் பேரு அண்ணாச்சி இது? வெளிநாட்டுப் பிள்ளையா?" என்று கேட்டார்.

மாமிக்கு ஒரு டம்ளர், மேல் மாடிக்கு இரண்டு டம்ளர். கிழியாது, அழியாது, தேய்த்துக் கழுவலாம். போன் வருவது அன்றோடு நின்றது. நான் அத்தோடு நின்றிருக்கலாம்.

அடுத்த மாதம் என் பேரனுக்குக் காதுகுத்து. மொட்டை மாடியில் ஷாமியானா போட்டு, தெரு முழுக்கக் கூப்பிட்டேன். வந்தவர்களுக்குத் தாம்பூலப் பையில் வைத்துக் கொடுக்க எவர்சில்வர் டம்ளர். எல்லோரும் அதில் பிள்ளை பேரும் தேதியும் வெட்டுவார்கள். நானும் வெட்டினேன். வெட்டிய பிறகு பார்த்தால் கீழே நிறைய இடம் காலியாக இருக்கிறது. அந்தக் காலத்தில் சரக்கு இறக்கி அடுக்கியவனுக்குக் காலி இடத்தைப் பார்த்தால் பொறுக்குமா? வருகிறவர்கள் எப்படியும் "வைஃபை இருக்கா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பிள்ளை பேருக்குக் கீழே பாஸ்வேர்டையும் வெட்டச் சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு எனக்குக் கிடைத்த மரியாதை சாதாரணம் இல்லை. எதிர் ஃபிளாட்டில் இருக்கிற சேஷாத்ரி சார், பாங்கில் பெரிய உத்தியோகம் பார்த்து ரிட்டயர் ஆனவர், டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்துவிட்டு என் கையைக் குலுக்கினார். ஆட்டோ ஸ்டாண்டு மணி, "அண்ணாச்சி, நீ எங்கியோ போய்ட்ட!" என்றான். அவன் எங்கேயும் போகவில்லை என்பதும், அவனுடைய ஸ்டாண்டு என் பால்கனிக்கு நேர் கீழே இருக்கிறது என்பதும் எனக்கு அப்போது தோன்றவில்லை.

இனி சுகந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மருமகள். ஆதம்பாக்கத்துப் பெண். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தாள். பிள்ளை பிறந்ததும் விட்டுவிட்டாள். பையன் கொஞ்சம் பெரியவனானதும் மறுபடி வேலை தேட ஆரம்பித்தாள், வீட்டிலிருந்தபடியே பார்க்கிற வேலையாக. நடுவில் இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள் என்று கேட்டுக் கேட்டே நாலைந்து இடத்தில் கையை விரித்துவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அன்று ராத்திரி அவள் சாப்பாடு சரியாக இருக்காது. ஆனால் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள்.

இந்தத் தடவை ஒரு கம்பெனியில் எல்லாக் கட்டமும் தாண்டிக் கடைசி இன்டர்வியூ வரைக்கும் போய்விட்டாள். கம்ப்யூட்டரிலேயே முகம் பார்த்துப் பேசுகிற இன்டர்வியூ. முந்தின வாரம் என் மகன் செந்தில் மெதுவாக ஆரம்பித்தான்.

"அப்பா, அவ ரூமுக்கு மட்டும் தனியா ஒரு கனெக்ஷன் போட்டுக்கிடட்டுமா?"

"என் கட்டடத்துல ரெண்டாவது ஒயரா?"

"இல்லப்பா, கொஞ்ச நாளா நெட்டு ஸ்லோவா இருக்குன்னு சொல்றா."

"நான் போட்டிருக்கிறது இருக்கிறதிலேயே பெருசு. இன்டர்வியூ நல்லா நடக்கும். என் பொறுப்பு."

என் பொறுப்பு என்று சொன்னேன். அதைச் செந்திலும் சுகந்தியும் கேட்டார்கள்.

அன்று காலை பதினொரு மணிக்கு இன்டர்வியூ. செந்தில் கடைக்குப் போய்விட்டான். பேரனை ராஜாத்தி சமையலறையில் பிடித்துவைத்திருந்தாள். நான் ஹாலில் காவல். முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு சுகந்தி இங்கிலீஷில் பேசுவது கேட்டது. நன்றாகத்தான் பேசினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, அதனால் நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். "ஹலோ? ஹலோ? ஆம் ஐ ஆடிபிள்?"

"என்னளா சொல்லுதா?" என்று ராஜாத்தியைக் கேட்டேன்.

"கேக்குதான்னு கேக்கா. கேக்கலை போல."

கதவு திறந்தது. சுகந்தி கையில் போன். முகம் வெளிறியிருந்தது.

"மாமா, அவங்க படம் அப்படியே நின்னுடுச்சு. நெட்டு சுத்திக்கிட்டே இருக்கு." போனில் ஏதோ பக்கத்தைத் திறந்து என்னிடம் காட்டினாள். "இதெல்லாம் நம்ம ரவுட்டர்ல இப்ப சேர்ந்திருக்கிற போன். யாரு மாமா இவ்வளவு பேரு?"

விரலால் தள்ளத் தள்ளப் பேர்கள் வந்துகொண்டே இருந்தன. அன்றைக்குப் பார்த்து எங்கேயோ வெளிநாட்டில் நம் ஆட்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அங்கே அது என்ன வேளையோ, இங்கே காலைநேரம். தெருவே என் டம்ளரைப் பார்த்துப் பாஸ்வேர்டைப் போட்டு, மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தது.

"அவங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன் மாமா. கொஞ்ச நேரம் காத்திருக்கோம்னாங்க. பாஸ்வேர்டை மாத்திடுறேன், ரெண்டு நிமிஷ வேலை. எல்லாம் தானா விட்டுடும்."

"மாத்துறதா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எவர்சில்வர்ல வெட்டினதை எப்படிம்மா மாத்துறது? தெருவுல எல்லார் வீட்லயும் இருக்கு!"

சுகந்தி என்னையே பார்த்தாள். "மாமா, இதுதான் மாமா கடைசி ரவுண்டு."

சமையலறையிலிருந்து ராஜாத்தி, "டம்ளர் பெருசா, புள்ள பெருசா?" என்றாள்.

நல்ல கேள்விதான். நான் இரண்டையும் காப்பாற்றலாம் என்று முடிவெடுத்தேன். "நீ போய் உக்காரும்மா. பாஸ்வேர்டைத் தொடாதே. ஆளுங்களை நான் பாத்துக்கிடுறேன்" என்று சொல்லிவிட்டு, கைக்கு அகப்பட்ட சாப்பாட்டுத் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு பனியன் வேட்டியோடு தெருவில் இறங்கினேன். தட்டை ஓங்கி அடித்தேன். எங்கள் கடைத் தட்டு, நல்ல கனம். சத்தம் போய் எதிர் ஃபிளாட்டில் மோதித் திரும்பி வந்தது.

"இன்னா அண்ணாச்சி, தட்டு கரண்டியோட கிளம்பிட்ட? வூட்ல சோறு போடலியா?" மணி ஆட்டோவுக்குள் படுத்தபடி கேட்டான். நெஞ்சின்மேல் போன்.

"எல்லாரும் நெட்டை நிறுத்துங்கப்பா!"

"இந்த ஓவர் மட்டும் அண்ணாச்சி. நாலு பாலுதான் கீது."

"வீட்ல அவசரம்டா மணி!"

அதற்குள் சேஷாத்ரி சார் எதிர் பால்கனிக்கு வந்துவிட்டார். கையில் போன், இன்னொரு கையில் என் டம்ளரில் காபி. "என்ன அண்ணாச்சி, நெட்டை நிறுத்தணுமா? நான் ஃபங்ஷனுக்கு வந்தேன், மொய் எழுதினேன். நீங்க இதை ரிட்டர்ன் கிஃப்டா குடுத்தேள். குடுத்த கிஃப்டைத் திருப்பிக் கேக்கறது எந்த ஊர் வழக்கம்?"

"திருப்பிக் கேக்கலை சார். கொஞ்ச நேரம் உபயோகிக்காதீங்கன்னுதான் கேக்குறேன்."

"டம்ளர் குடுத்துட்டு அதுல காபி குடிக்காதேன்னு சொல்ற மாதிரின்னா இருக்கு?"

பாங்கில் எத்தனை பேரை இப்படி மடக்கியிருப்பாரோ. பதிலுக்குத் தட்டைத்தான் இன்னும் நாலு அடி அடித்தேன். இஸ்திரி வண்டிக்காரர், டீக்கடைக்காரர், கீழே ஜெயா மாமி எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் விஷயத்தை உடைத்தேன். "என் மருமகளுக்கு மேலே இன்டர்வியூ நடக்குது. எல்லாரும் நெட்டை இழுக்கீங்க, அவ பேசுறது அவங்களுக்குப் போய்ச் சேரலை. வேலை போயிடும்யா!"

மணி எழுந்து உட்கார்ந்தான். "அட, மொதல்லயே சொல்றதுக்கின்னா? நம்ம சுகந்தி பாப்பாவா?" ஆட்டோவிலிருந்து குதித்துக் கையைத் தட்டினான். "டேய்! அல்லாரும் வைஃபைய ஆஃப் பண்ணு! அண்ணாச்சி வூட்டு மருமவளுக்கு வேல கெடைக்கப் போவுது! எவனாவது மேட்ச் பாத்தீங்கன்னா போனு கையில இருக்காது, சொல்லிட்டேன்!"

சேஷாத்ரி சார்கூட போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தெரு அமைதியானது. எல்லோரும் என் பால்கனியையே அண்ணாந்து பார்த்தார்கள்.

நான் படியேறி ஓடினேன். முன்னறைக்குள் சுகந்தியின் குரல் தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தது. வந்துவிட்டது! அங்கேயே திரும்பியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. ஆனால் வேலையை முடித்தவன் சரக்கு சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டாமா? கதவைத் திறந்தேன்.

"வருதாம்மா?"

சுகந்தி திரும்பவில்லை. தோள் மட்டும் லேசாக அசைந்தது. கீழிருந்து மணி கத்தினான். "அண்ணாச்சி! வந்துச்சா?"

தெரு முழுக்கக் காத்திருக்கிறது, பதில் சொல்லாமல் இருக்கலாமா? அவள் முதுகுக்குப் பின்னால் நடந்து பால்கனிக்குப் போய், தட்டைத் தூக்கிக் காட்டி, "வந்துடுச்சு! யாரும் தொடாதீங்க!" என்று குரல் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். கம்ப்யூட்டரில் ஒரு அம்மாளும் ஒரு ஆளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆள் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். அந்த அம்மாள் கோயம்புத்தூர்ப் பக்கம் போல, தமிழிலேயே பேசினார்.

"சார் யாருங்க?"

"என் மாமனார், மேடம்" என்றாள் சுகந்தி. குரலில் உயிர் இல்லை.

"என்னங்க சார் ஆச்சு? ஏதாவது பிரச்சினைங்களா?"

இவ்வளவு மரியாதையாகக் கேட்டார். நான் ஒரு நாற்காலியை இழுத்து சுகந்தி பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நடந்ததைச் சொன்னேன். நடந்தது புரிய வேண்டுமென்றால் டம்ளரைச் சொல்ல வேண்டும். டம்ளர் புரிய வேண்டுமென்றால் கடையைச் சொல்ல வேண்டும். கடை எப்படி வந்தது என்று தெரிய வேண்டுமென்றால் நான் எழும்பூரில் ரயில் இறங்கியதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பித்தேன். அந்த அம்மாள் நடுநடுவே சிரித்தார். எனக்கு இன்னும் உற்சாகம் வந்துவிட்டது. ஒரு டம்ளரைக் கொண்டுவரச் சொல்லி, வெட்டிய எழுத்தைக் கேமராவுக்குப் பக்கத்தில் காட்டினேன். "உங்க பேரைச் சொல்லுங்கம்மா, ஒரு டஜன் வெட்டி அனுப்புறேன்" என்றுகூடச் சொன்னேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த ஆள் காத்திருப்பதாகவும், நேரம் முடிந்துவிட்டதாகவும் சொன்னார். படம் மறைந்தது.

நான் எழுந்து, "நல்ல மனுஷங்கம்மா. வேலை கிடைச்சிடும்" என்றேன்.

சுகந்தி கம்ப்யூட்டரை மூடினாள். சமையலறைக்குப் போய், கழுவிக் கவிழ்த்துவைத்த பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்தாள். மத்தியானம் சோறு போடும்போது ஒன்றுதான் சொன்னாள். "நல்லாப் பேசினீங்க மாமா. நான்தான் பேசலை."

திட்டியிருந்தால் பரவாயில்லை. நான் அன்று மோர்சாதம் வாங்காமலே எழுந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் நானே போய், "பாஸ்வேர்டை மாத்திடும்மா" என்று சொன்னேன். அவள் மாற்றி அரை மணியாகியிருந்தது. மறுநாள் அவள் ரூமுக்குத் தனி ஒயர் வந்தது. என் சுவரில் ஓட்டை போட்டார்கள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். தெருவில் மணி டம்ளரைக் கொண்டுவந்து, "அண்ணாச்சி, இது ரிப்பேரு. மாத்திக் குடு" என்றான்.

நாலைந்து நாள் கழித்து அந்தக் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். அன்றைக்கு உங்கள் பதில்களைக் கேட்க முடியவில்லை, இன்னொரு முறை பேசுவோம் என்றார்களாம். மறுபடி இன்டர்வியூ வைத்த நாள் காலையில் ராஜாத்தி புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "வாங்க, கபாலீஸ்வரர் கோயிலுக்குப் போவோம். சுகந்திக்காக வேண்டிக்கிடுவோம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாம் செய்ததற்குச் சாமியிடமாவது மன்னிப்புக் கேட்கலாமே என்று கிளம்பினேன். மணி ஆட்டோவில்தான் போனோம். மயிலாப்பூருக்கு அவன் எந்த வழியாகப் போனான் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அடையாறு பாலத்தைப் பார்த்தேன். "டிராபிக் அண்ணாச்சி" என்றான். கோயிலில் போன் எதற்கு என்று என் போனை ராஜாத்தி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். சாமி கும்பிட்டோம், சுற்றினோம், உட்கார்ந்தோம். மறுபடி சுற்றினோம். மாட வீதியில் குங்குமம் வாங்கினோம். டிபன் சாப்பிட்டோம். "அம்பாளை இன்னொரு தடவை பாக்கணும் போல இருக்கு" என்று திரும்பவும் உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். எனக்குக் கால் கடுத்தது. மருமகளுக்காக என்று பொறுத்துக்கொண்டேன்.

வேலை கிடைத்துவிட்டது. ஆர்டர் வந்த அன்றுதான் சுகந்தி சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வியே, "மாமனார் வீட்டில இருக்காருங்களா?" என்பதுதானாம்.

"கோயிலுக்குப் போயிருக்கார் மேடம்."

"எப்ப வருவாருங்க?"

"நான் போன் பண்ணினப்புறம்தான் மேடம்."

இன்றைக்கு சுகந்திக்குக் கீழேயே ஏழெட்டுப் பேர் வேலை பார்க்கிறார்கள். பெரிய மீட்டிங் என்று அவள் சொன்னால் போதும், ராஜாத்தி சேலை மாற்றப் போய்விடுவாள், பேரன் என் செருப்பை எடுத்துவைத்துவிட்டு, "தாத்தா, சாமி கூப்பிடுது" என்பான். கோயிலில் குருக்கள் என்னைப் பார்த்தால் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஜெயா மாமி தன் தங்கையிடம், "அண்ணாச்சிக்கு இருக்கிற பக்தி நம்மாத்து மனுஷாளுக்கு வருமோ?" என்று சொல்வது மாடிவரை கேட்கிறது.

வருகிற செவ்வாய்க்கிழமை சுகந்திக்கு இதுவரை இல்லாத பெரிய மீட்டிங்காம். மத்தியானம் இரண்டு மணிக்கு. அந்த நேரத்தில் கோயில் நடை சாத்தியிருக்கும். மாமியாரும் மருமகளும் நேற்றெல்லாம் கூடிக் கூடிப் பேசினார்கள். கடைசியில் பெசன்ட் நகர் பீச் என்று முடிவாகியிருக்கிறது.

நான் ஒரு குடை வாங்கி வைத்துவிட்டேன்.